1962 போஸ்ட் சீரியல் பேனல்: வெட்டலாமா, அப்படியே விடலாமா?

ஓஹையோவாசி
வணக்கம் மக்களே. ஒரு யோசனை வேணும், அதான் புது இழை.

பக்கத்து ஊர்ல ஒரு வீட்டுப் பொருள் விற்பனைக்குப் போனப்போ 1962 போஸ்ட் சீரியல் (காலை உணவு) பெட்டியோட முதுகுப்பக்கம் கிடைச்சுது. முழுப் பெட்டி இல்ல, பேனல்னு சொல்ற பின்பலகை மட்டும்தான். ஆனா ஏழு பேஸ்பால் கார்டும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டினபடி இருக்கு, எந்தக் கத்தரிக்கோலும் படல. ஒரு மூலையில லேசா மடிப்பு, மேல் விளிம்புல சின்னக் கிழிசல். நிறம் எல்லாம் பளிச்சுன்னு இருக்கு.

என்னோட 1962 செட்ல, 200 கார்டுல, இன்னும் சில இடம் காலி. அதுல ஒரு இடத்துக்கான ஆள் இந்த ஏழு பேர்ல இருக்கார். மத்த ஆறும் ஏற்கெனவே இருக்கு. (யாருன்னு கேக்காதீங்க. சொன்னா நாளைக்கே ஈபேல விலை ஏறிடும். உங்களை எனக்குத் தெரியும்.)

வெட்டி ஆல்பத்துல சொருகட்டுமா? இல்ல பேனலை அப்படியே வச்சிட்டு அந்த ஒரு கார்டைத் தனியா தேடட்டுமா? கிரேடிங்குக்கு (கார்டோட நிலையைப் பார்த்து எண் போடற கம்பெனிக்கு) அனுப்பற ஆள் நான் இல்ல, விக்கற எண்ணமும் இப்போதைக்கு இல்ல.

கத்தரி
வெட்டுங்க.

அது வெட்டறதுக்குன்னே அச்சடிச்ச சாமான். கோடு போட்டு, "இங்கே வெட்டு"ன்னு பசங்களுக்கு வழி காட்டி வந்தது. அறுபது வருஷமா யாரோ வேலையை முடிக்காம விட்டுட்டாங்க, நீங்க முடிங்க. நல்ல ஸ்டீல் ஸ்கேல், புது பிளேடு, கீழே கட்டிங் மேட். கத்தரிக்கோல் வேண்டாம், என் பேரைப் பார்த்து ஏமாந்துடாதீங்க.

ஸ்லாப் ராணி
தம்பி கத்தரி, உன் கையில பிளேடு இருந்தா ஊர்ல ஒரு பெட்டி மிஞ்சாது.

ஓஹையோ, வெட்டாதீங்க. உணர்ச்சி எல்லாம் தள்ளி வச்சிட்டுச் சொல்றேன். வெட்டின கார்டு சந்தையில நிறைய கிடைக்குது. சாதாரண ஆட்டக்காரர்னா சில டாலருக்கே வரும். வெட்டாத பேனல் குறைவு. முழுப் பெட்டி அதைவிடக் குறைவு. போஸ்ட் ஆனாலும் ஹோஸ்டஸ் கேக் பெட்டி ஆனாலும், பேனலை உடைச்சுத் தனித்தனியா வித்தா வர்ற காசைவிடப் பேனலாவே வித்தா பொதுவா கூட வரும். உங்களுக்கு வேண்டிய ஒரு கார்டைத் தனியா வாங்கறதுதான் மலிவான வழி. ஒருமுறை வெட்டிட்டா திரும்ப ஒட்ட முடியாது, அவ்வளவுதான் விஷயம்.

புதுமுகம்23
குறுக்கிடறதுக்கு மன்னிக்கணும். நான் கிரிக்கெட் ஆள், இங்க வந்த பிறகுதான் பேஸ்பால் பார்க்கறேன். பேஸ்பால் கார்டுன்னா பபிள்கம்மோட டாப்ஸ் கம்பெனி போடறதுன்னுதான் நினைச்சேன். சீரியல் கம்பெனி எதுக்கு கார்டு போட்டுச்சு? அவங்களுக்கு என்ன லாபம்?

பென்சில்கோடு
நல்ல கேள்வி. கொஞ்சம் நீட்டமாகவே சொல்கிறேன்.

1956-ல் டாப்ஸ் தன் போட்டியாளரான பௌமனை வாங்கியது. அதற்குப் பிறகு கம்முடன் வரும் பேஸ்பால் கார்டு என்றால் நாடு முழுக்க டாப்ஸ்தான். ஆனால் ஆட்டக்காரர்களோடு டாப்ஸ் போட்டிருந்த ஒப்பந்தம் கார்டைத் தனியாக விற்பதற்கும், கம் அல்லது மிட்டாயோடு சேர்த்து விற்பதற்கும்தான் தனியுரிமை தந்தது. காலை உணவுப் பெட்டியின் முதுகில் அச்சடிப்பது அந்த வேலிக்கு வெளியே இருந்தது. போஸ்ட் சீரியலின் உரிமையாளரான ஜெனரல் ஃபுட்ஸ் அந்த இடைவெளியில் நுழைந்தது. 1960-ல் கிரேப் நட்ஸ் சீரியல் பெட்டியின் முதுகு முழுக்க ஒரே ஆட்டக்காரரின் பெரிய படமாகப் போட்டுப் பார்த்தார்கள். 1961, 62, 63 மூன்று ஆண்டும் ஆண்டுக்கு 200 பேர். ஜெல்லோ என்ற இனிப்புப் பொடியும் அதே ஜெனரல் ஃபுட்ஸ் சரக்குதான். அதனால் 1962-ல் மத்திய மேற்கு மாநிலங்களில் மட்டும் சோதனையாக ஜெல்லோ பெட்டியிலும் போட்டார்கள், அதில் 197 கார்டு. 1963-ல் மறுபடி ஜெல்லோ, இம்முறை 200.

லாபம் கார்டில் இல்லை, பெட்டியில். பையனுக்கு நட்சத்திர ஆட்டக்காரர் மிக்கி மேண்டில் கார்டு வேண்டும் என்றால் அம்மா அந்தப் பெட்டியைத்தான் வாங்க வேண்டும். தனியாக ஒரு பரிசுப் பொருள் செய்து உள்ளே போடும் செலவும் கிடையாது. பெட்டியை எப்படியும் அச்சடிக்கத்தானே போகிறார்கள்.

இதே வேலியைத் தாண்ட ஃப்ளியர் கம்பெனி 1963-ல் செய்த வேலை வேடிக்கையானது. கம் போட்டால் டாப்ஸ் வழக்குப் போடும் என்று, கார்டோடு ஒரு குக்கீயை வைத்து விற்றார்கள். அப்படியும் டாப்ஸ் நீதிமன்றம் போய் நிறுத்திவிட்டது. 66 கார்டோடு முடிந்தது அந்தத் தொடர். மாரி வில்ஸ் கார்டு அதில் பிரபலம். 1962-ல் 104 பேஸ் திருடி (பந்து அடிபடாமலே அடுத்த கட்டத்துக்கு ஓடிப் பிடித்து) நேஷனல் லீகின் மதிப்புமிகு ஆட்டக்காரர் விருது வாங்கிய மனிதர். அவருக்கு டாப்ஸ் கார்டு வந்ததோ 1967-ல்தான். நடுவில் அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமென்றால் சீரியல் பெட்டிதான் கதி.

புதுமுகம்23
அடேங்கப்பா. நன்றி சார். 1999-ல பிஸ்கட் கவரை எல்லாம் சேர்த்து ரன் எண்ணிக்கிட்டு உலகக் கோப்பைக்குப் போகலாம்னு திரிஞ்சோமே, அதே வித்தைதான் இது.

டெட்ராய்ட் மாமா
தம்பி, அந்த வித்தைக்கு இங்க நூறு வயசுக்கு மேல ஆயாச்சு. கிராக்கர் ஜாக் தெரியுமா? பாப்கார்ன், நிலக்கடலை ரெண்டையும் கேரமல் பாகுல புரட்டினது. 1914-ல அதுக்குள்ள கார்டு போட்டான், 144 பேர். மறு வருஷம் 176. டை காப், ஷூலெஸ் ஜோ ஜாக்சன் எல்லாரும் சிவப்புப் பின்னணியில நிப்பாங்க. அச்சுல அவ்வளவு அழகான கார்டு நான் வேற பார்த்ததில்ல.

1914 கார்டு பெட்டிக்குள்ள மட்டும்தான் வந்தது. பாகுல கிடந்து கிடந்து பழுப்புக் கறை ஏறிடும். சுத்தமான 1914 கார்டுன்னு யாராவது காட்டினா முதல்ல சந்தேகப்படுங்க, பிறகு சந்தோஷப்படுங்க. 1915-ல கூப்பன் அனுப்பினா முழு செட்டும் தபால்ல வரும்னு அறிவிச்சான், ஒட்டி வைக்க ஆல்பமும் உண்டு. அப்படி வந்தது பாகைத் தொடவே இல்ல. அதனாலதான் 1915 நல்ல நிலையில கொஞ்சம் தாராளமா கிடைக்குது. இன்னொண்ணு, 1915 கார்டைத் திருப்பிப் பார்த்தா பின்பக்க எழுத்து தலைகீழா இருக்கும். ஆல்பத்துல மேல் ஓரத்தை மட்டும் ஒட்டிட்டு, கார்டைத் தூக்கிப் பார்த்தா நேரா படிக்கறதுக்கு அப்படி.

ஓஹையோ தம்பிக்கு: நான் ராணி பக்கம். வெட்டாதே.

கத்தரி
மாமாவும் அந்தப் பக்கமா!

சரி, நான் கேக்கறேன். சீரியல் கார்டோட அழகே அந்தக் கோணல் வெட்டுதான். எட்டு வயசுப் பையன் சமையலறை மேசையில உக்காந்து, நாக்கை ஒரு ஓரமா நீட்டிக்கிட்டு, அம்மாவோட தையல் கத்தரியால வெட்டினது. ஒரு பக்கம் கோட்டுக்கு வெளியே போயிருக்கும், இன்னொரு பக்கம் ஆட்டக்காரர் பேரையே கொஞ்சம் தின்னிருக்கும். இதை எல்லாம் குறைன்னு சொல்லி ஓரம் கட்டிட்டு, யாருமே ஆசையா தொடாத ஒரு அட்டையைத் தலையில வச்சுக் கொண்டாடறோம். எனக்கு அது பிடிபடல.

ஸ்லாப் ராணி
நீ சொல்ற "அழகு" கிரேடிங்ல எப்படிப் போகுதுன்னு தெரிஞ்சுக்கோ.

பிஎஸ்ஏ, எஸ்ஜிசின்னு ரெண்டு கிரேடிங் கம்பெனியுமே கையால வெட்டினதைக் கிரேடு பண்றாங்க. ஆனா எண் கிடைக்கணும்னா நாலு பக்கமும் அந்த வெட்டுக் கோடு தெரியணும். கோட்டுக்கு உள்ளே வெட்டியிருந்தா "அசல்"னு மட்டும் எழுதி ஸ்லாப்ல, அதாவது மூடி முத்திரை வச்ச பிளாஸ்டிக் பெட்டியில, போடுவாங்க, எண் கிடையாது. விளைவு என்ன? இன்னைக்கு ரொம்ப உயர்ந்த எண்ணோட சந்தையில நிக்கற 1961, 62 போஸ்ட் கார்டுல கணிசமானது 1962-ல வெட்டினதே இல்ல. பின்னாடி பெரியவங்க பேனலை வாங்கி, பூதக்கண்ணாடி வச்சு, நிதானமா வெட்டி அனுப்பினது. பையன் வெட்டினது பத்து டாலருக்கு நிக்குது. டாக்டர் மாதிரி உக்காந்து வெட்டினது அதுக்குப் பல மடங்கு.

நான் கிரேடிங் பண்றவதான், ஆனா இதுல எனக்கே உடன்பாடு இல்லாத இடம் இது. கார்டு எப்ப வெட்டினதுன்னு எந்த ஸ்லாப்லயும் எழுதறதில்ல.

ஓஹையோவாசி
அக்கா, இதான் என்னைக் குடையுது. என் செட்ல இருக்கறது எல்லாம் பசங்க வெட்டினது. நான் இப்ப வெட்டி உள்ளே வச்சா அது ஒண்ணு மட்டும் நேர்கோடா, மத்ததுக்கு நடுவுல வேற ஜாதியா தெரியும்.

பென்சில்கோடு
இந்த விவாதத்தில் ஒருவரை நினைவுபடுத்தலாம் என்று நினைக்கிறேன்: ஜெஃபர்சன் பர்டிக். நியூயார்க் மாநிலம் சிரக்கியூஸைச் சேர்ந்தவர். நாம் இன்று கார்டுகளுக்கு வைத்திருக்கும் எழுத்துக் குறியீடு அவர் போட்டது. புகையிலைக்கு டி, ரொட்டிக்கடை கார்டுக்கு இன்னொரு டி (ஆங்கிலத்தில் இரண்டும் வேறு எழுத்து, தமிழில் எழுதும்போது தொல்லை), பழைய மிட்டாய்க்கு ஈ, மற்ற உணவுக்கு எஃப். கிராக்கர் ஜாக் ஈ-145 ஆனது அப்படித்தான்.

மூட்டுவாதத்தால் விரல்கள் மடங்காத நிலையிலும் அந்த மனிதர் தன் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட அட்டைகளை நியூயார்க் மெட்ரோபாலிட்டன் கலை அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார். கொடுத்ததோடு விடவில்லை. ஆண்டுக்கணக்கில் அங்கேயே உட்கார்ந்து ஆல்பங்களில் பசை போட்டு ஒட்டினார். ஆம், பசை. 1963 ஜனவரியில் அந்த வேலையை முடித்தார், மார்ச்சில் காலமானார். இன்றைய கணக்கில் அவர் ஒட்டிய ஒவ்வொரு அட்டையும் "சேதமடைந்தது". அந்தச் சேகரிப்பு இல்லையென்றால் பல தொடர்கள் இருந்ததே நமக்குத் தெரிந்திருக்காது.

ஆகவே வெட்டினால் பாவம், வெட்டாவிட்டால் புண்ணியம் என்று இதில் எதுவும் இல்லை. எதற்காக வைத்திருக்கிறோம் என்பதுதான் கேள்வி. ஓஹையோவாசி, உங்கள் பேனல் எந்தச் சீரியல் பெட்டி என்று தெரியுமா? அதைப் பொறுத்து என் பதில் மாறும்.

ஓஹையோவாசி
பேர் முன்பக்கத்துலதானே இருக்கும், அது போயிடுச்சே. பக்கவாட்டு மடிப்புல ஒரு துண்டு ஒட்டிக்கிட்டு இருக்கு. சத்துப் பட்டியல் மாதிரி ஏதோ பாதி வரி. நாளைக்கு வெளிச்சத்துல படம் எடுத்துப் போடறேன். ஏன் கேக்கறீங்க?

பென்சில்கோடு
ஏனென்றால் போஸ்டில் எந்த ஆட்டக்காரர் அரிது என்பது அவருடைய புகழைப் பொறுத்ததல்ல. அவர் முகம் எந்தப் பெட்டியில் வந்தது என்பதைப் பொறுத்தது. சர்க்கரை பூசிய சீரியலைப் பிள்ளைகள் கேட்டு வாங்கினார்கள். அந்தப் பெட்டி வீட்டுக்கு வீடு போனது. தவிட்டுச் சீரியலைத் தாத்தா மட்டும் சாப்பிட்டார். ஆகவே மேண்டில், மேஸ் போன்ற பெரிய பெயர்கள் பல பெட்டிகளில் வந்து தாராளமாகக் கிடைக்கிறார்கள். பெயரே கேட்டிராத ஒருவர் விற்காத ஒரு பெட்டியில் மட்டும் வந்ததால் தேடித் தேடி அலைய வைக்கிறார். போஸ்ட் செட் முடிக்கிறவர்கள் கடைசியில் மாட்டிக்கொண்டு நிற்பது மேண்டிலிடம் இல்லை, இப்படி ஒரு ஆளிடம்தான். உங்கள் "யாரென்று சொல்ல மாட்டேன்" ஆளும் அந்த வகையோ என்று எனக்குச் சந்தேகம்.

ஓஹையோவாசி
😶

கத்தரி
சிக்கிட்டாரு!

டெட்ராய்ட் மாமா
பென்சில்கோடு சொன்னது இறைச்சி பாக்கெட்டோட வந்த கார்டுலயும் உண்டு. 1953-ல எங்க ஊர் கிளெண்டேல் ஹாட்டாக் கம்பெனி டைகர்ஸ் ஆட்டக்காரங்க 28 பேரைப் போட்டான். அதுல ஆர்ட் ஹூட்டமன் கார்டு மட்டும் கண்ணுலயே படாது. அந்த வருஷம் ஜூன்லயே அவரை கிளீவ்லாந்துக்கு அனுப்பிட்டாங்க.

சொல்லப்போனா 1950-கள்தான் இதோட பொற்காலம். ஊருக்கு ஒரு ஹாட்டாக் கம்பெனி, ஊருக்கு ஒரு டீம். சின்சினாட்டிக்கு கான்ஸ், 1955-ல ஆரம்பிச்சு 60-கள் முடியற வரைக்கும் போட்டான். செயின்ட் லூயிசுக்கு ஹண்டர்ஸ், பால்டிமோருக்கு எஸ்கே, வாஷிங்டனுக்கு பிரிக்ஸ், நியூயார்க்குக்கு ஸ்டால்மேயர். ஸ்டால்மேயர் 1953-ல ஒன்பதே கார்டு போட்டான், யாங்கீஸ், ஜயன்ட்ஸ், டாட்ஜர்ஸ் ஆளுக்கு மூணு. அந்த ஒன்பதுல ஒருத்தர் மேண்டில். விலையைப் பத்தி பேசவே வேண்டாம், பெருமூச்சுதான் வரும்.

இதுல சின்ன வேடிக்கை, நான் பிறந்ததுல இருந்து சைவம். வீட்டுல ஹாட்டாக் கார்டா ஒரு ஆல்பம் நிறைய வச்சிருக்கேன். என் மாமியார் முதல் தடவை பார்த்தப்போ அந்த ஆல்பத்தை பூஜை ரூம் பக்கம் கொண்டு போகக்கூடாதுன்னு சொல்லிட்டாங்க.

ஸ்லாப் ராணி
மாமா 😂

வில்சன் ஃபிராங்ஸை விட்டுட்டீங்களே. 1954, இருபது கார்டு. ஒவ்வொரு படத்துலயும் ஆட்டக்காரர் பக்கத்துல ஒரு ஹாட்டாக் பாக்கெட் மிதக்கும். டெட் வில்லியம்ஸ் மட்டையைச் சுழற்றிக்கிட்டு நிப்பார், ஆகாயத்துல ஃபிராங்ஃபர்ட்டர். உலகத்துலயே சிறந்த அடியாளரை வச்சு இவ்வளவு கூச்சமில்லாம விளம்பரம் பண்ண ஒரு கம்பெனியை நான் பார்த்ததில்ல. அது இறைச்சிப் பாக்கெட்டுக்குள்ளயே வந்ததால சுத்தமா கிடைக்கறது ரொம்பக் கஷ்டம்.

எண்ணெய்க் கறைன்னா டான் டீ உருளைச் சிப்ஸ் கார்டு, அதுவும் 1954, 29 பேர். மேல மெழுகு பூசித்தான் போட்டாங்க. அப்படியும் சிப்ஸ் எண்ணெய் ஜெயிச்சுது.

புதுமுகம்23
கறையை எடுக்க முடியாதா? ஏதாவது கெமிக்கல்?

ஸ்லாப் ராணி
எடுக்கறவங்க இருக்காங்க. எடுத்துட்டுச் சொல்லாம விக்கறதுதான் பிரச்சினை. கரைப்பான் போட்டுக் கறையை வெளுத்தா அது மாற்றம் பண்ணின கார்டு, கிரேடிங்ல திருப்பி அனுப்பிடுவாங்க. ஆல்பத்துல ஒட்டியிருந்ததை வெறும் தண்ணியில ஊற வச்சுப் பிரிக்கறதைப் பல பேர் ஏத்துக்கறாங்க, சில பேர் ஏத்துக்கறதில்ல. என் கட்சி: தண்ணி சரி, மத்தது எதுவும் வேண்டாம். டான் டீயில எண்ணெய் இல்லன்னா அப்புறம் அது என்ன டான் டீ?

கத்தரி
பாருங்க! எண்ணெய்க் கறைன்னா மரியாதை, கோணல் வெட்டுன்னா அவமரியாதை. அக்கா, நீங்களே என் கட்சிக்கு வந்துட்டீங்க.

ஸ்லாப் ராணி
அரை அடி வந்திருக்கேன். மிச்சம் வர மாட்டேன். கறை தானா விழுந்தது. ஓஹையோ வெட்டினா அது இன்னைக்கு வெட்டினது. அந்த எட்டு வயசுப் பையன் வெட்டினதா ஆயிடாது. நீ கொண்டாடறதே அந்தப் பையனைத்தான், பிளேடை இல்லையே?

கத்தரி
...இதுக்கு உடனே பதில் இல்ல. யோசிச்சிட்டு வரேன்.

தள நிர்வாகி
இழை நல்லா போகுது, தொடருங்க. ஒரே வேண்டுகோள்: விற்க, வாங்க விருப்பம் இருந்தா தனிச்செய்தியில பேசிக்கோங்க, இங்க விலை கூற வேண்டாம்.

கல்லூரிக் கோடு
நான் இங்க படிக்கிறவன், பட்ஜெட் ரொம்பக் கம்மி. ஈபேல போஸ்ட் சீரியல் கார்டு மொத்தமா விக்கற லாட் ஒண்ணு பார்த்தேன். விலை மலிவு, அதான் பயமா இருக்கு. போலி எப்படிக் கண்டுபிடிக்கறது? கையால வெட்டினதுன்னா யாரும் வீட்டு பிரின்டர்ல அடிச்சு வெட்டிடலாமே?

பென்சில்கோடு
அதனால்தான் போஸ்டுக்குப் போலி செய்வது எளிது: பின்பக்கம் வெறுமை, ஓரமோ எப்படியும் கோணல். முதலில் அட்டையைப் பாருங்கள். சீரியல் பெட்டி அட்டை வெள்ளைத் தாள் இல்லை. அச்சடித்த பக்கம் வழவழப்பு, மறுபக்கம் சாம்பலும் பழுப்பும் கலந்த மங்கல் நிறம், கையில் பிடித்தால் ஒரு சொரசொரப்பு. பின்பக்கம் பளீர் வெள்ளை என்றால் நகர்ந்துவிடுங்கள்.

அடுத்து பூதக்கண்ணாடி. அந்தக் கால ஆஃப்செட் அச்சு வண்ணப் புள்ளிகளை ஒழுங்கான பூ வடிவத்தில் அடுக்கியிருக்கும். வீட்டு இங்க்ஜெட்டில் புள்ளிகள் தூவியதுபோல் சிதறிக் கிடக்கும். எழுத்தின் ஓரம் இன்னும் எளிது: அசலில் கறுப்பு எழுத்து கெட்டியான ஒரே மை, நகலில் எழுத்துக்குள்ளேயே வண்ணப் புள்ளி.

புற ஊதா விளக்கு 1914-15 கிராக்கர் ஜாக்குக்கு உதவும். பிற்காலத் தாளில் வெண்மைக்காகச் சேர்க்கும் பொருள் அந்த ஒளியில் நீலமாக மின்னும். 1960-களின் சரக்குக்கு அதை மட்டும் நம்ப வேண்டாம், அப்போது அந்தப் பொருள் புழக்கத்துக்கு வந்துவிட்டது.

இன்னொரு குழப்பம், போலி அல்ல, ஆனால் விலையில் ஏமாற்றும். 1961 போஸ்டில் இரண்டு விதம் உண்டு: பெட்டியில் வந்த தடித்த அட்டை, தபாலில் பத்துப் பத்தாக டீம் வாரியாக வந்த மெல்லிய தாள். தபால் தாளில் துளையிட்டு வந்தது, கிழித்தெடுக்கலாம். 1962-ல் மேண்டில், அவரோடு யாங்கீஸில் ஆடிய மாரிஸ் இருவரும் 'லைஃப்' பத்திரிகை விளம்பரத்திலும் வந்தார்கள். அந்தத் தாள் சற்று மெல்லியது, சுற்றிலும் வெள்ளை ஓரம். "பெட்டி கார்டு" என்று சொல்லி அதை விற்பவர்கள் உண்டு. 1963 போஸ்டும் ஜெல்லோவும் கிட்டத்தட்ட இரட்டைப் பிள்ளைகள். ஜெல்லோ ஒரு நூல் சிறியது. பையன் கோட்டுக்கு உள்ளே வெட்டியிருந்தால் அளவை வைத்துப் பிரிக்கவே முடியாது, எழுத்தின் அளவைப் பார்க்க வேண்டும். ஜெல்லோவில் குறிப்பு எழுத்து பொடியாக இருக்கும்.

கல்லூரிக் கோடு
ரொம்ப நன்றி சார். அந்த லாட்டோட பின்பக்கப் படம் கேட்டிருக்கேன். விக்கறவர் இன்னும் பதில் போடல.

டெட்ராய்ட் மாமா
பின்பக்கப் படம் கேட்டா பதில் வராத இடத்துல காசு போடாதே கண்ணா.

பட்ஜெட் கம்மின்னா ஹோஸ்டஸ்ல ஆரம்பி. 1975-ல இருந்து 79 வரைக்கும், வருஷத்துக்கு 150 கார்டு, கேக் பெட்டியோட அடியில மூணு மூணா. நான் இந்த நாட்டுக்கு வந்த புதுசு அது. பையனுக்கு ஹோஸ்டஸோட ட்விங்கி கேக் வாங்கித் தரணும், கேக் அவனுக்கு, அட்டை எனக்குன்னு ஒப்பந்தம். அவன் பாதி கேக்கைத் தின்னுட்டு மிச்சத்தை என் தலையில கட்டுவான். 1977 ஹோஸ்டஸ்ல மார்க் ஃபிட்ரிச் இருக்கார். முந்தின வருஷம் பந்தோட பேசிக்கிட்டே 19 ஆட்டம் ஜெயிச்சவர், டெட்ராய்டே அவர் பின்னாடி ஓடுச்சு. அந்தப் பேனலைத் தேடி எத்தனை கடையில பெட்டியைத் தலைகீழா புரட்டியிருப்பேன்! கடைக்காரர் என்னை ஒரு மாதிரி பார்ப்பார், கேக்கோட அடியைப் பார்க்கற ஒரே கஸ்டமர் நான்தான்.

கத்தரி
மாமா, அந்த ஃபிட்ரிச் பேனலை வெட்டினீங்களா?

டெட்ராய்ட் மாமா
பையன் வெட்டிட்டான். மூணும் இருக்கு. ஒண்ணு கொஞ்சம் சாய்வு.

கத்தரி
அதை யாராவது வெட்டாத பேனலுக்கு மாத்திக்கறேன்னு கேட்டா குடுப்பீங்களா?

டெட்ராய்ட் மாமா
போடா.

கத்தரி
சரி, யோசிச்சிட்டு வரேன்னு சொன்னேனே, வந்துட்டேன். ராணி அக்கா சொன்னதுதான் சரி. மாமாவோட சாய்வான கார்டுக்கு இருக்கற மதிப்பை ஓஹையோ அண்ணன் இன்னைக்கு பிளேடு வச்சு உண்டாக்க முடியாது. வெட்டணும்னு நான் சொன்னதை வாபஸ் வாங்கிக்கறேன். ஆனா ஒண்ணு: அந்தக் காலியிடத்துக்கு ஸ்லாப்ல இருக்கற பளபள கார்டு வாங்காதீங்க. பசங்க வெட்டினதா பாருங்க.

ஓஹையோவாசி
படம் எடுத்துட்டேன், பென்சில்கோடு சாருக்குத் தனியா அனுப்பியிருக்கேன். பக்கவாட்டுத் துண்டுல "தவிடு"ங்கற சொல் பாதி தெரியுதுன்னு அவர் சொல்றார். அதாவது தாத்தா சீரியல். விற்காத பெட்டி.

பென்சில்கோடு
அவர் அனுமதியோடு சொல்கிறேன்: ஆள் யார் என்பதும் தெரிந்துவிட்டது, சந்தேகம் சரிதான். தனிக் கார்டாகக் கிடைக்கும், ஆனால் பொறுமை வேண்டும். வெட்டாத பேனலில் அந்த ஆளை நான் அதிகம் பார்த்ததில்லை. என் பதில் இப்போது தெளிவு: பிளேடைப் பெட்டிக்குள் வையுங்கள்.

ஸ்லாப் ராணி
பேனலைச் சுருட்ட வேண்டாம், மடிக்க வேண்டாம். அமிலமில்லாத பலகை ரெண்டுக்கு நடுவுல வச்சு, மைலார் (தெளிவான பிளாஸ்டிக்) உறையில போடுங்க. கிழிசல் மேல டேப் ஒட்டற யோசனை வந்தா உடனே எனக்கு போன் பண்ணுங்க.

அப்புறம், ஆள் யாருன்னு எனக்கும் புரிஞ்சுடுச்சு. அவரோட கார்டு என்கிட்ட ஒண்ணு இருக்கு, "அசல்"னு மட்டும் போட்ட ஸ்லாப்ல. இடது பக்கம் கோட்டை முழுசா தின்னிருக்கு, மேல ஒரு மூலை வட்டமா போயிருக்கு. எண் வரும்னு நினைச்சு அனுப்பினது இல்ல, அசலான்னு தெரிஞ்சுக்கத்தான் அனுப்பினேன். ஸ்லாப்பை உடைச்சு அனுப்பட்டுமா?

ஓஹையோவாசி
உடைச்சே அனுப்புங்க அக்கா. விலை தனிச்செய்தியில. நிர்வாகி முறைக்கறார்.

கத்தரி
நான் சொன்ன மாதிரியே கோணல் வெட்டு! எனக்கு கமிஷன் உண்டா?

புதுமுகம்23
கடைசியா ஒரு சந்தேகம், புது இழை போடணும்னா சொல்லுங்க. பக்கத்து வீட்டுப் பெரியவர் பழைய கெல்லாக்ஸ் கார்டு கொஞ்சம் குடுத்தார். பிளாஸ்டிக்ல கோடு கோடா, ஆட்டினா ஆழமா தெரியுது. 1971-ன்னு அவர் சொன்னார். எல்லாம் வளைஞ்சு படகு மாதிரி இருக்கு. துணியை மேல போட்டு லேசா இஸ்திரி பண்ணினா நேராகுமா?

ஸ்லாப் ராணி
இஸ்திரிப் பெட்டியைக் கீழே வைங்க. இப்பவே.

டெட்ராய்ட் மாமா
கையை வைக்காதே தம்பி! கெல்லாக்ஸ் 1970-ல இருந்து 83 வரைக்கும் போட்டான். நடுவுல 1973 மட்டும் சாதாரண அச்சு, மத்ததெல்லாம் இந்த முப்பரிமாணப் பிளாஸ்டிக். அதுல 1971 தொடர், 75 கார்டு, சீரியல் பெட்டிக்குள்ள மட்டும்தான் வந்தது, தபால்ல செட்டா வாங்க வழியே இல்ல. அதனால எல்லா வருஷத்துலயும் அதுதான் கிடைக்கறது கஷ்டம். மேல பிளாஸ்டிக், கீழ காகிதம், ரெண்டும் ஒரே மாதிரி சுருங்கறதில்ல, அதான் வளையுது. நேராக்கப் போனா கோடு வழியா படக்குன்னு விரிசல் விடும். சூடு பட்டா முடிஞ்சுது. மெல்லிய உறையில போட்டு, இறுக்கமான டாப்லோடர்ல (கெட்டியான பிளாஸ்டிக் கூடு) மெதுவா நுழைச்சு, குளிர்ச்சியான அலமாரியில வை. வளைவு இருந்தா இருக்கட்டும், விரிசல் வேண்டாம்.

புதுமுகம்23
ஸ்விட்சை அணைச்சிட்டேன் மாமா. டாப்லோடர் எந்த அளவு வாங்கணும்? கார்டு சாதாரண கார்டைவிட ஒல்லியா இருக்கே.

டெட்ராய்ட் மாமா
71 சின்னது, அகலம் குறைச்சல். கார்டை அளந்து பார்த்து, தனிச்செய்தியில எழுது. என்கிட்ட அந்த அளவுல மீதி கிடக்கு, அனுப்பி வைக்கறேன். பெரியவர் வேற ஏதாவது வச்சிருக்காரான்னும் மெதுவா கேட்டு வை.